வழக்கில் வென்றவர் குடிசையிலேயே இறந்தது ஏன்? அரசுகள் ஒளிந்துகொள்ளும் ஒரு வரி

நாட்டின் அரசமைப்பு நீதிமன்றத்தில் அரசை எதிர்த்து வழக்காடி வென்ற ஒரு பெண், தீர்ப்பு வந்த எட்டு ஆண்டுகளில், சொந்தமாக ஒரு வீடு கிடைக்காமலேயே குடிசையில் இறந்தார். அவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஐரீன் குரூட்பூம். தோற்றது அரசுதான் என்றால், வீடு ஏன் வரவில்லை?

(திரையில்: 1966 – 1976)

விடைக்கான தடயம் ஒரு பன்னாட்டு உடன்படிக்கையின் வரியில் இருக்கிறது. முதலில் அதன் வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1966-இல் ஏற்றது. 1976-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டுள்ளன.

இதில் சுவையான இடம் இரண்டாம் உறுப்புதான். உணவு, உறைவிடம், உடல்நலம், கல்வி ஆகிய உரிமைகளைத் தன்னிடமுள்ள வளங்களின் உச்ச அளவுக்கு முயன்று படிப்படியாக நிறைவேற்றினால் போதும் என்று அது அரசுகளுக்கு இடம் கொடுக்கிறது. கடன் கொடுத்தவரிடம் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்வதற்கு உலக அளவில் கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதி போலவே இது முதலில் தோன்றும். ஆனால், படிப்படியாக என்றால் முதல் படியிலாவது கால் வைத்திருக்க வேண்டும் அல்லவா? உடன்படிக்கையைக் கண்காணிக்கும் 18 வல்லுநர்கள் கொண்ட குழு 1990-இல் இதைத்தான் விளக்கியது: நடவடிக்கை உடனே தொடங்க வேண்டும், பாகுபாடு கூடாது, அடிப்படைத் தேவையின் குறைந்தபட்ச அளவையாவது உறுதிசெய்ய வேண்டும்.

(திரையில்: கேப் டவுன் வரைபடம்)

இனி குரூட்பூம் வாழ்ந்த, கேப் டவுனுக்கு அருகிலுள்ள வாலஸ்டீனுக்குச் செல்வோம். குடிநீர் இணைப்போ கழிவுநீர் வசதியோ இல்லாத, நூற்றில் ஐந்து குடிசைகளுக்கு மட்டுமே மின்சாரம் இருந்த, மழை பெய்தால் நீர் தேங்கும் குடியிருப்பு அது. பொறுக்க முடியாத மக்கள் 1998-இல் அருகிலிருந்த காலி நிலத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த நிலமோ ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்திற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது! 1999 மே மாதம், மழையும் குளிர்காற்றும் தொடங்கும் வேளையில், குடிசைகள் இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. பழைய இடத்திலும் வேறு குடும்பங்கள் குடியேறிவிட்டதால், அவர்கள் விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்குக் கீழே ஒதுங்கினார்கள். வழக்குத் தொடுத்தவர்களில் பெரியவர்கள் 390 பேர், குழந்தைகள் 510 பேர்.

2000 அக்டோபர் 4 அன்று தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாக் யாக்கூப்; கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்தவர். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 26-ஆம் பிரிவும் ‘கையிலுள்ள வளங்களுக்குள், படிப்படியாக’ என்றே பேசுகிறது. ஆகவே, ‘இவர்களுக்கு உடனே வீடு கட்டிக் கொடு’ என்று நீதிமன்றம் ஆணையிடவில்லை. மாறாக, ‘உன் திட்டம் நியாயமானதா?’ என்று கேட்டது. நாளைய வீடுகளுக்குத் திட்டம் வைத்திருந்த அரசிடம், இன்றிரவு கூரையே இல்லாதவர்களுக்கு எதுவும் இல்லை. அங்கேதான் அரசு தோற்றது. குரூட்பூம் வென்றது ஒரு திட்டத்தை, வீட்டை அல்ல. அவசர உறைவிடத் திட்டம் 2004-இல் வந்தது. அவர் 2008-இல் இறந்தார். தென்னாப்பிரிக்கா உடன்படிக்கைக்கு முறைப்படி ஏற்பு வழங்கியதோ 2015-இல்! காலக்கெடு விதிக்காதது அந்தத் தீர்ப்பின் பெருங்குறை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கருத்துப் பெட்டியில் வாதாடலாம்.

உள்நாட்டு நீதிமன்றம் கைவிட்டால்? உடன்படிக்கையோடு சேர்ந்த, நாடுகள் விரும்பினால் மட்டும் ஏற்கும் துணை ஒப்பந்தம் ஒன்று உண்டு: விருப்ப நெறிமுறை. 2013-இல் நடைமுறைக்கு வந்த அதை ஏற்ற நாடுகளின் மக்கள், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஜெனீவாவிலுள்ள அந்த வல்லுநர் குழுவிடமே முறையிடலாம். மாட்ரிட் நகரில் வாடகை அறையிலிருந்து இரண்டு சிறு குழந்தைகளோடு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம் அப்படி முறையிட்டது. அவர்கள் பல ஆண்டுகளாக அரசு வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள். அதே 2013-இல் மாட்ரிட் நிர்வாகம் தன் பொது வீடுகளில் கிட்டத்தட்ட மூவாயிரத்தை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றிருந்தது. வளம் இல்லை என்று சொல்பவர், இருந்த வளத்தை விற்றது ஏன் என்றும் விளக்க வேண்டும் அல்லவா? ஸ்பெயின் உறைவிட உரிமையை மீறியது என்று 2017-இல் குழு முடிவு சொன்னது. குழுவிடம் காவல்துறை கிடையாது. அரசு ஆறு மாதத்திற்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், அவ்வளவே.

அமெரிக்கா 1977-இல் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, இன்றுவரை ஏற்பு வழங்கவில்லை. இந்தியா 1979-இல் இணைந்தது. ஆனால் முறையீட்டுக்கான நெறிமுறையை ஏற்கவில்லை என்பதால், சென்னையில் வீடிழந்த ஒருவர் இந்தக் குழுவிடம் முறையிட முடியாது. அந்தக் கதவை இந்தியா திறக்க வேண்டுமா, நம் நீதிமன்றங்களே போதுமா? உங்கள் வாதத்தைக் கீழே எழுதுங்கள்.