மானை ஓட்டுவது கடையல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் சறுக்கு வண்டியையும் ரெயின்டீர் மான்களையும் இன்றுவரை ஓட வைப்பது வியாபாரமா, அன்பா என்பது தலைப்பு. நான் அன்பின் பக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு பலமான ஆதாரம் வைத்தார். தாத்தாவின் வண்டிக்கு வழிகாட்டும் சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப், சிகாகோவின் மான்ட்கோமரி வார்டு என்ற பெரிய கடை 1939இல் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்த புத்தகத்தில் பிறந்தது, அந்த ஒரு கிறிஸ்துமஸுக்கே 24 லட்சம் பிரதிகள் போயின என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் அதை எழுதியவர் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ராபர்ட் மே. அந்தக் கடைக்கு விளம்பர வாசகம் எழுதும் ஊழியர். வீட்டில் மனைவி ஈவ்லின் புற்றுநோயோடு படுத்த படுக்கை. மகள் பார்பராவுக்கு நாலு வயது. வைத்தியச் செலவில் தலைக்கு மேல் கடன். அந்த நேரத்தில்தான் மேலதிகாரி கூப்பிட்டு, குழந்தைகளுக்கு ஒரு விலங்குக் கதை எழுதச் சொல்கிறார். மகளுக்கு மிருகக்காட்சி சாலையில் மான்கள் என்றால் உயிர். மே சின்ன வயதில் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பையன். மற்ற மான்கள் கேலி செய்து ஒதுக்கும் மான் அந்த மனசிலிருந்துதான் வந்தது. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மிச்சிகன் ஏரியின் மூடுபனியைப் பார்த்தபோது, இருட்டில் வழிகாட்டும் மூக்கும் அதற்குக் கிடைத்தது.

அதிகாரிக்குத் தயக்கம். சிவந்த மூக்கு என்றால் குடிகாரன் ஞாபகம் வருமே என்றார். மே விடவில்லை. ஓவியர் டென்வர் கில்லனை லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போய், மான்களைப் பார்த்து வரையச் சொல்லி, அந்தப் படங்களைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

1939 ஜூலையில் ஈவ்லின் இறந்துபோனார். கதையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று அதிகாரியே சொன்னார். மே மறுத்துவிட்டார். ஆகஸ்டில் எழுதி முடித்ததும், தாயை இழந்த பார்பராவையும், மகளை இழந்த மாமனார் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். நடுவர் அவர்களே, இதை வியாபாரக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, ருடால்ஃபுக்கு முன்பே தாத்தாவின் வண்டியை இழுத்த எட்டு மான்கள்? அவை 1823 டிசம்பரில், நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரப் பத்திரிகை ஒன்றில் வந்த கவிதையில் ஓடியவை. கவிதைக்குக் கீழே கவிஞர் பெயரே இல்லை. கிளெமென்ட் மூர் எழுதியது என்பது பிறகுதான் தெரிய வந்தது; இல்லை, ஹென்றி லிவிங்ஸ்டன் எழுதியது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. காசு பார்க்க நினைப்பவர் பெயரை மறைப்பாரா?

1955இல் சியர்ஸ் கடை விளம்பரம் கொடுத்ததே என்றும் நண்பர் கேட்டார். தாத்தாவோடு பேச ஒரு ஃபோன் எண் போட்டிருந்தார்கள். ஆனால் குழந்தையின் அழைப்பு வழிதவறி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் வான் பாதுகாப்புப் பணியில் இருந்த கர்னல் ஹாரி ஷூப்பிடம் போய்ச் சேர்ந்தது. பனிப்போர் காலம், ஏவுகணை பயம் நிறைந்த அறை. அங்கேதான் தாத்தாவின் வண்டி எங்கே பறக்கிறது என்று சொல்லும் வழக்கம் பிறந்தது. கடையின் விளம்பரம் மறைந்துபோயிற்று. டிசம்பர் 24 வந்தால் தன்னார்வலர்கள் இன்றும் ஃபோனை எடுக்கிறார்கள், சம்பளம் வாங்காமல்.

மான்ட்கோமரி வார்டு கடைகள் 2001இல் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. ருடால்ஃப் மூடப்படவில்லை. இன்னொன்றும் உண்டு. ருடால்ஃபுக்கு முன்பும் அந்தக் கடை கிறிஸ்துமஸ்தோறும் வண்ணம் தீட்டும் புத்தகங்களை வெளியே வாங்கி, குழந்தைகளுக்கு இலவசமாகவே கொடுத்து வந்தது. அதே கடை, அதே பண்டிகை, அதே இலவசம். எதிரணி நண்பர் அடுத்து எழுந்திருக்கும்போது, அந்தப் புத்தகங்களில் ஒன்றின் பெயரையாவது இந்த அவையில் சொல்லட்டும்.