தட்டை மாற்றி வைத்தால்

நேயர்களுக்கு வணக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் கணிதத் துறையில் ஒரு வாரம் தொடர்ந்து ஆய்வுக் கருத்தரங்கு நடந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். கரும்பலகை இல்லாமல் எப்படிக் கணக்குச் சொல்வது என்ற கவலை அப்புறம்தான் வந்தது. காகிதமும் பேனாவும் கிட்ட இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்பவர்கள் காதை மட்டும் கொடுத்தால் போதும்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன் நான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் பிடித்து கம்பஸுக்கு வந்த முதல் வருடத்தில், செமினார் என்றால் எல்லாம் தெரிந்தவர்கள் கூடும் இடம் என்று நினைத்துக் கடைசி வாங்கில் ஒளிந்திருந்தேன். இன்று நானே விரிவுரையாளர். இப்போதும் பாதிப் பேச்சு எனக்குப் புரிவதில்லை. அடுத்தவர் ஆராய்ச்சி அப்படித்தான். விளங்கவில்லை என்று கையைத் தூக்கக் கூச்சம் விட்டுப் போனது ஒன்றுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமைப் பேச்சு எண் பிரிவினை பற்றியது. நாலு ரொட்டியைக் குவியலாகப் பிரிக்க வேண்டும். நாலும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டு ஒன்று ஒன்று, எல்லாம் தனித்தனி. ஆக ஐந்து வழி. ஒன்பது ரொட்டிக்கு 30 வழி. 200 ரொட்டிக்கோ 3,972,999,029,388 என்று நீளும் எனப் பேச்சாளர் எழுதிக் காட்டினார். ஏறக்குறைய நாலு இலட்சம் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி இல்லாத காலத்தில் மக்மஹோன் என்ற பழைய பட்டாள மேஜர் 200 வரை கணக்கிட்டுப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலைப் பார்த்த நம் கும்பகோணத்து இராமானுஜன், நாலிலும் ஒன்பதிலும் முடியும் எண்களுக்கெல்லாம் விடை ஐந்தால் வகுபடுவதைக் கண்டு 1919இல் நிறுவியும் காட்டினார். விடைகளில் இரட்டைப்படை பாதி, ஒற்றைப்படை பாதியா என்று கேட்டால் இன்றுவரை நிறுவல் இல்லை. இவ்வளவு சின்னக் கேள்விக்கு!

செவ்வாய்க்கிழமை மின்சாரம் போய்விட்டது. வியாழன், வெள்ளிப் பேச்சுகளை வானொலியில் சொல்ல எனக்குத் திறமை போதாது.

புதன் என்னுடைய முறை. எடைக்கற்கள் பற்றிப் பேசினேன். 1, 3, 9, 27 கிலோ என நாலே கல் இருந்தால், தட்டுத் தராசில் 1 முதல் 40 வரை எந்த முழுக் கிலோவையும் நிறுக்கலாம். கல்லைச் சாமான் தட்டிலும் வைக்கலாம் என்பதுதான் சூட்சுமம். ஐந்து கிலோ அரிசிக்கு, அரிசியோடு 1, 3 கற்களை வைத்து, எதிர்த்தட்டில் 9ஐ வையுங்கள். 1612இல் பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் அச்சில் கொடுத்த கணக்கு இது. அதன் பொதுமைப்படுத்தலில்தான் என் வேலை.

முடித்ததும் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எழுந்தாள். தோட்டத்துப் பிள்ளை. "சேர், கல்லெல்லாம் சரி. தராசே பொய் சொன்னா?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் முள் தராசின் கீழே அம்மாவின் பின்னால் நின்றவன் நான். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் விழுந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை.

தட்டுத் தராசில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று வையுங்கள். பத்துக் கிலோ மூட்டை இடத்தட்டில் 8 காட்டும், வலத்தட்டில் 12.5 காட்டும். கூட்டிப் பாதியாக்கினால் 10.25. அது தப்பு. பெருக்குங்கள்: எட்டைப் பன்னிரண்டரையால் பெருக்க நூறு. நூறின் வர்க்கமூலம் பத்து. அதுதான் மெய்யான எடை. கள்ளத் தராசிலிருந்தும் உண்மையைக் கறந்துவிடலாம்.

அவள் விடவில்லை. "கடையில ரெண்டு கிலோ சீனிய, ஒரு கிலோ இந்தத் தட்டுல, ஒரு கிலோ அந்தத் தட்டுல நிறுத்தா?" கரும்பலகையில் அவளையே போடச் சொன்னேன். ஒரு பக்கம் 800 கிராம் வருகிறது, மறுபக்கம் 1250. மொத்தம் 2050. ஐம்பது கிராம் வாங்குகிறவருக்கு இலாபம்! கை எவ்வளவு கோணலாக இருந்தாலும், எந்தப் பக்கம் கோணினாலும், இப்படி நிறுத்தால் நட்டம் கடைக்காரருக்குத்தான்.

அந்த ஞாயிறு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டார். "கடன் கொப்பியோட போறவ தட்ட மாத்தி வையினு சொல்ல ஏலுமா தம்பி?" என்றார். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

அடுத்த தவணையில் அந்த மாணவியே இதைப் பற்றிப் பேசப் போகிறாள். சபைக்கு நடுவில் நிறுத்துக் காட்ட வேண்டுமாம். இப்போது எங்கே பார்த்தாலும் மின்தராசு. கம்பளைக் கடைத்தெருவில் இரண்டு நாள் அலைந்தும் பழைய தட்டுத் தராசு அகப்படவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். கை கோணலாக இருந்தால் இன்னும் நல்லது.