எட்டாம் நாள் யார் தண்ணீர் ஊற்றுவார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் பாடம் எடுக்கிறவன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பத்து வருடம் இருந்தேன். என்.எஸ்.எஸ். என்று சொன்னால்தான் பல பேருக்குப் புரியும். வீடு கட்டும் முகாமுக்குக் கிளம்பப்போகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். சரி, முதல் வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன்: ஏழு நாளில் நீங்கள் வீடு கட்டி முடிக்கப் போவதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய திட்டம் இது. அதில் சிறப்பு முகாம் என்பது ஏழு நாள். கான்கிரீட் போட்டால் ஈரம் காயாமல் காக்க வேண்டியதே குறைந்தது ஏழு நாள். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் பத்து நாள். அதிலும் கொளுத்தும் வெயில் என்றால் பதினான்கு நாள். ஆக, முகாமின் கணக்கும் சிமெண்டின் கணக்கும் ஒத்துப்போகாது. நான் இதைப் பாடமாகப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் ஒரு முறை கோட்டை விட்டேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னை விழுந்ததைத்தான் எல்லோரும் பேசினோம். குடிசைகளும் அப்படித்தான் போயின. அடுத்த கோடையில், முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு, நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். ஒரே ஒரு வீடு. சுவர் ஏற்கெனவே எழும்பி நின்றது. கொத்தனார் இரண்டு பேர் இருந்தார்கள். நாங்கள் கலவை போட்டோம், செங்கல் சுமந்தோம், ஆறாம் நாள் சுவருக்குப் பூச்சு வேலை முடிந்தது. ஏழாம் நாள் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பிள்ளைகள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய்ப் பார்த்தேன். சுவரைக் கையால் தடவினால் மணலாக உதிர்ந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல். பூச்சும் சிமெண்ட்தானே, ஈரம் போதாமல் காய்ந்துவிட்டிருந்தது.

அந்த வீட்டுக்கார அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். வெயில் ஏறும் முன் வேலை முடிய வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார். வீட்டில் வயதான மாமியார் மட்டும். கிணற்றுத் தண்ணீர் உவர். குழாயில் நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். குடிக்கப் பிடித்து வைத்ததில் இரண்டு குடம் மிச்சம் பண்ணிச் சுவரில் தெளித்திருக்கிறார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். "தம்பிங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்து செஞ்சாங்க, அதுல போயி என்னத்தைச் சொல்றது சார்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் சொல்லவில்லை என்பது இருக்கட்டும், நான் கேட்கவே இல்லையே.

அப்புறம் முகாமுக்குத் தயாராகும் விதத்தையே மாற்றிக்கொண்டோம். மூன்று வாரம் முன்பே இரண்டு பிள்ளைகள் ஊருக்குப் போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். காலையில் வீட்டில் யார் இருப்பார்? நல்ல தண்ணீர் எங்கிருந்து, எந்த நாளில் வருகிறது? மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? அடுப்பு எங்கே வேண்டும்? வேலைத் திட்டத்தை எட்டாம் நாளிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். பூச்சு வேலை முதல் இரண்டு நாளில் முடியும்படி கொத்தனாரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மீதி நாளெல்லாம் சுவருக்குத் தண்ணீர் காட்டுவது, தரைக்கு மண் நிரப்புவது, திம்ஸுக் கட்டையால் அதை இடித்து இறுக்குவது. போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது. இருந்தாலும் வீட்டுக்கு அதுதான் தேவை.

உவர்த் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உப்பு கலந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் பிளந்து உதிரும். கடலோர ஊர் என்றால் நல்ல தண்ணீருக்கு டிராக்டர் டேங்கர் செலவையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

உங்கள் வேலை சித்தாள் வேலை. அதற்குப் பழக்கம் வேண்டும். நாட்டுச் செங்கல் ஒன்று ஏறக்குறைய மூன்று கிலோ. சித்தாள் அம்மா சும்மாடு வைத்து எட்டு கல் தூக்குவார், அதாவது 24 கிலோ, அதுவும் நாள் முழுக்க. நீங்கள் முதல் நாளே அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம். இரண்டு சனிக்கிழமை கல்லூரி மைதானத்தில் வரிசையாக நின்று கல் கை மாற்றிப் பழகுங்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, இரண்டு பேராகத் தூக்குங்கள். ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிவிடும், ரப்பர் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போய்விடுங்கள். ரப்பர் செருப்போடு வந்து ஆணி மிதித்த பிள்ளையை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அனுபவம் எனக்கு உண்டு. ஷூ போடுங்கள். ரணஜன்னி வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று வீட்டில் கேளுங்கள்.

கொத்தனாரைப் பற்றி ஒன்று. ஒரு முகாமில், மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் மூன்றாம் வருட மாணவன் போனில் ஏதோ ஆப் தேடிக்கொண்டிருந்தான். கொத்தனார் ஒரு பக்கம் நூலில் ஆறடி அளந்து முடிச்சுப் போட்டார், மறு பக்கம் எட்டடி. இரண்டு முடிச்சுக்கும் இடையே டேப்பைப் பிடித்து, "பத்து விழுந்தா மூலை சுத்தம் தம்பி" என்றார். அரை அங்குலம் தள்ளி இருந்தது. முளைக்குச்சியைத் தட்டி நகர்த்தினார், பத்து விழுந்தது. பிதாகரஸ் தேற்றத்தைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பையன் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். அவர் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய கூலியை அன்றன்று கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரரையும் வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பில், வீடு பெறும் குடும்பமும் அந்தக் கட்டுமானத்தில் இத்தனை மணி நேரம் என்று உழைக்க வேண்டும். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவர்களோடு நின்று சுத்தியல் பிடித்திருக்கிறார். நம் ஊரில் அதை விதியாக வைக்க வேண்டியதில்லை. கூட நின்றால், எந்தச் சுவருக்கு எவ்வளவு நாள் ஈரம் வேண்டும் என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

அந்த உப்பளத்து அம்மா வீட்டுக்கு மறுபடி போனோம். உதிர்ந்த பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். இந்த முறை இருநூறு லிட்டர் டிரம் ஒன்று வாங்கி வைத்தோம், சுவரில் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேர் காலை, மாலை முறை வைத்துக்கொண்டார்கள்.

சாக்கு வாங்கும்போது பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், அது ஈரம் பிடிக்காது. நெல் மண்டியில் பழைய சணல் சாக்கு கிடைக்கும். பத்துக்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.