வாடகை பாக்கின்னு நோட்டீஸ் வந்துடுச்சா? உங்க கையில இருக்கிற அந்த ஒரு மாசம்

வணக்கம். இன்னைக்கு வாடகை பாக்கி பத்திப் பேசப் போறோம். ரெண்டு மூணு மாசமா வாடகை கொடுக்க முடியல, ஹவுஸ் ஓனர் வாசல்ல வந்து நின்னு "இந்த வாரமே காலி பண்ணு"ங்கிறார். அந்த நிலைமையில இருக்கிறவங்க, அந்த நிலைமைக்குப் போயிடுவோமோன்னு பயப்படறவங்க, ரெண்டு பேருக்கும்தான் இந்த வீடியோ. நான் சொல்றதெல்லாம் தமிழ்நாட்டுச் சட்டம். பெங்களூரு, ஹைதராபாத்ல இருக்கிறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க சட்டம் வேற.

முதல் விஷயம். நீங்க குடியிருக்கிற வீட்டுலேருந்து உங்க விருப்பமில்லாம உங்களை வெளியேத்தணும்னா ரென்ட் கோர்ட், அதாவது வாடகை வழக்குகளை விசாரிக்கிற கோர்ட், அதோட உத்தரவு வேணும். ஓனருக்கோ, புரோக்கருக்கோ, ஏரியா பெரிய மனுஷனுக்கோ, ஸ்டேஷன்ல இருக்கிற எஸ்.ஐ.க்கோ அந்த அதிகாரம் கிடையாது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் இதுதான் நிலைமை. இதை நல்லா மனசுல போட்டுக்கிட்டு மீதியைக் கேளுங்க. ஏன்னா பயத்துலதான் நிறையப் பேர் தப்பான பேப்பர்ல கையெழுத்துப் போடறாங்க.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1960ஆம் வருஷச் சட்டம் ஒண்ணு இருந்துச்சு, எல்லாரும் 'ரென்ட் கன்ட்ரோல்'னு சொல்லுவாங்க. அது போயிடுச்சு. 2017ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22லேருந்து நடைமுறையில இருக்கு. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்னு நீளமான பேரு. இதை ஏன் சொல்றேன்னா, இன்னமும் பழைய சட்டத்தை வெச்சு ஆலோசனை சொல்றவங்க இருக்காங்க. பழைய சட்டத்துல "வேணும்னே வாடகை கட்டாம இருந்தாரா"ங்கிற கேள்வி பெரிய கேள்வி. வேலை போச்சு, உடம்பு சரியில்ல, அதனாலதான் கட்ட முடியலன்னு வாதாட இடம் இருந்துச்சு. புதுச் சட்டத்துல அந்தக் கேள்வியே இல்ல. உங்க கஷ்டம் நிஜமா இருக்கலாம், ஆனா அதைச் சொல்லி மட்டும் வழக்குல தப்பிக்க முடியாது. கணக்கும் தேதியும்தான் பேசும்.

அந்தக் கணக்கு 21ஆம் பிரிவுல இருக்கு. ரெண்டு மாச வாடகை பாக்கி நிக்கணும். ஓனர் எழுத்துல நோட்டீஸ் கொடுத்து பாக்கியைக் கேக்கணும். நோட்டீஸ் உங்க கைக்கு வந்த நாள்லேருந்து ஒரு மாசத்துக்குள்ள நீங்க முழுப் பாக்கியையும் வட்டியோட கட்டாம இருக்கணும். இது மூணும் சேர்ந்தாத்தான் வாடகை பாக்கிங்கிற காரணத்துக்கு உங்களைக் காலி பண்ணச் சொல்லி கோர்ட் உத்தரவு போடும். அந்த ஒரு மாசத்துக்குள்ள முழுசாக் கட்டிட்டீங்கன்னா, இந்தக் காரணத்துக்காக வெளியேத்த உத்தரவு போடக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது. உங்களுக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பு இதுதான். ஆனா இதை நூல் பிடிச்ச மாதிரி சரியாச் செய்யணும். அதனால இங்கயே கொஞ்ச நேரம் நிப்போம்.

நோட்டீஸ்னா என்ன? சொத்து மாற்றச் சட்டத்தோட 106ஆம் பிரிவுல நாலாவது உட்பிரிவு சொல்ற முறையில வரணும். எழுத்துல இருக்கணும், ஓனரோ அவர் சார்பா வக்கீலோ கையெழுத்துப் போட்டிருக்கணும். தபால்ல வரணும், இல்லன்னா உங்க கையிலயோ வீட்டுல இருக்கிற குடும்பத்தார் கையிலயோ கொடுக்கணும். அதுக்கெல்லாம் வழியில்லன்னாத்தான் வீட்டுல பளிச்சுன்னு தெரியிற இடத்துல ஒட்டலாம். மாடிப்படியில நின்னு கத்தறது இந்த நோட்டீஸ்ல சேராது. ஆனா அதுக்காகச் சும்மா இருந்துடாதீங்க, கத்தல் முடிஞ்சா அடுத்து வர்றது வக்கீல் நோட்டீஸ்தான்.

இங்க நிறையப் பேர் செய்யற தப்பு, தபால்காரர் வந்தா வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பறது. வாங்கலன்னா நோட்டீஸ் வரலன்னு ஆயிடும்னு நினைக்கிறாங்க. ஆகாது. சரியான முகவரிக்கு வந்த தபாலை 'வாங்க மறுத்தார்'னு எழுதித் திருப்பி அனுப்பினா, கோர்ட் அதை உங்களுக்குச் சேர்ந்ததாத்தான் எடுத்துக்கும். உங்களுக்கு என்ன நஷ்டம்னா, ஒரு மாசம் ஓடிக்கிட்டிருக்கு, உள்ள என்ன எழுதியிருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. அதனால வாங்குங்க. கவர் மேலயே வாங்கின தேதியை எழுதுங்க. கவரைக் கிழிச்சுப் போடாதீங்க, தபால் முத்திரை உங்களுக்குத் தேவைப்படும். நோட்டீஸ்ல போட்டிருக்கிற தேதி வேற, உங்க கைக்கு வந்த தேதி வேற. கணக்கு ரெண்டாவது தேதியிலேருந்துதான்.

ஒரு உதாரணம் போடலாம். வாடகை 12,000, மெயின்டனன்ஸ் 1,500. மாசம் 5ஆம் தேதிக்குள்ள கட்டணும்னு அக்ரிமென்ட். ஜூன், ஜூலை ரெண்டு மாசம் கட்டல. நோட்டீஸ் ஆகஸ்ட் 14 உங்க கைக்கு வருது. செப்டம்பர் 13க்குள்ள கட்டணும். எவ்வளவு? வாடகை 24,000, மெயின்டனன்ஸ் 3,000, ஆக 27,000. இதுக்கு மேல அக்ரிமென்ட்ல தாமதத்துக்கு வட்டி எழுதியிருந்தா அதையும் சேர்க்கணும். கரண்ட் பில், தண்ணி காசு ஓனர்கிட்ட கட்டறதா எழுதியிருந்தா அந்தப் பாக்கியும் இதுல வரும். 25,000 கட்டிட்டு "மீதியை அடுத்த மாசம் தர்றேன்"னா அது முழுப் பாக்கி ஆகாது. சட்டத்துல இருக்கிற வார்த்தை முழுசா, அவ்வளவுதான். வட்டியில நூறு ரூபா குறைஞ்சாக்கூட எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடிச்சுக்குவார். சந்தேகம் இருந்தா கொஞ்சம் கூடவே கட்டுங்க, கூடக் கட்டினதை அடுத்த மாச வாடகையில கழிக்கச் சொல்லி எழுதிடுங்க.

இன்னொரு குழி இதுக்குள்ளயே இருக்கு. ஆகஸ்ட் வாடகை ஆகஸ்ட் 5ஆம் தேதியே நிலுவை ஆயிடுச்சு, செப்டம்பர் வாடகை செப்டம்பர் 5. நோட்டீஸ்ல கேட்ட 27,000ஐ மட்டும் கட்டிட்டு நடப்பு மாசங்களை விட்டீங்கன்னா, மறுபடி ரெண்டு மாசப் பாக்கி ரெடி. மறுபடி நோட்டீஸ். இந்த முறை முந்தின சலுகை உங்களுக்குக் கிடைக்காது. ஒரு தடவை இப்படிப் பாக்கியைக் கட்டித் தப்பிச்சவங்க, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள தொடர்ந்து ரெண்டு மாசம் தவறினா அந்தப் பாதுகாப்பு திரும்பக் கிடையாது. அதனால செப்டம்பர் 13க்கு நீங்க திரட்ட வேண்டிய காசு நாலு மாசத்துக்கு 54,000, அதோட வட்டி. கடன் வாங்கறதா இருந்தா இந்தத் தொகையை மனசுல வெச்சு வாங்குங்க.

எப்படிக் கட்டறது? பேங்க் மூலமா கட்டுங்க. அக்ரிமென்ட்ல இருக்கிற அக்கவுண்ட் நம்பருக்கு நெஃப்ட்ல போடறது நல்லது. ஜிபே, போன்பே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து, அதுல யூடிஆர் நம்பர், அதாவது பணம் அனுப்பினதுக்கு பேங்க் கொடுக்கிற அடையாள எண், தெரியற பக்கத்தை பிரின்ட் போட்டு வைங்க. குறிப்புல 'ஜூன் ஜூலை வாடகை'ன்னு எழுதுங்க. இல்லன்னா "அது என்கிட்ட வாங்கின கைமாத்தைத் திருப்பிக் கொடுத்த காசு"ன்னு நாளைக்குச் சொல்ல இடம் இருக்கு. ரொக்கமாத்தான் கொடுப்பீங்கன்னா ரசீது இல்லாம கொடுக்கவே கொடுக்காதீங்க. ரசீது கேக்கறது உங்க உரிமை, ஓனருக்கு நீங்க செய்யற அவமரியாதை ஒண்ணும் இல்ல. 5,000 ரூபாய்க்கு மேலன்னா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்க. எந்த மாச வாடகைன்னு ரசீதுல இருக்கணும்.

பணம் கட்டின கையோட ஒரு பதில் கடிதம் போயே ஆகணும். "உங்க நோட்டீஸ் இந்தத் தேதியில கிடைச்சது, இந்தத் தேதியில இவ்வளவு தொகை இந்த அக்கவுண்ட்ல கட்டியாச்சு, யூடிஆர் இது"ன்னு நாலு வரி போதும். ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட ஓனருக்கு ஒண்ணு, அவர் வக்கீலுக்கு ஒண்ணு. பதில் போடாத நோட்டீஸ் கோர்ட்ல உங்களுக்கு எதிராப் பேசும்.

சில ஓனர்கள் பணத்தை வாங்கவே மாட்டாங்க. பாக்கி சேரட்டும், அப்பத்தான் காலி பண்ண வைக்கலாம்னு கணக்கு. கொடுக்கப் போனா "இப்ப வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்"பாங்க. இந்தப் பேச்சை நம்பி உக்காந்திருக்காதீங்க. பேங்க்ல போடுங்க, அக்கவுண்ட் நம்பர் இல்லன்னா செக்கை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, இல்ல மணியார்டர். அதுவும் திரும்பி வந்தா 14ஆம் பிரிவுப்படி ரென்ட் அத்தாரிட்டிகிட்ட, அதாவது இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிச்ச அதிகாரிகிட்ட, வாடகையை டெபாசிட் பண்ணலாம். திரும்பி வந்த கவர்தான் உங்க சாட்சி, பிரிக்காம வைங்க. ஓனர் இறந்துட்டு, வாரிசுகள் நாலு பேரும் "என்கிட்ட கொடு"ன்னு நின்னாலும் இதே வழிதான்.

அட்வான்ஸ் விஷயம். "பத்து மாச அட்வான்ஸ் உங்ககிட்ட இருக்கே, அதுல கழிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு வாடகையை நிறுத்தறது ரொம்பப் பேர் பண்றது. செய்யாதீங்க. ஓனர் எழுத்துல சம்மதிச்சாத் தவிர அட்வான்ஸ் அட்வான்ஸாத்தான் நிக்கும், பாக்கி பாக்கியாத்தான் நிக்கும். வழக்கு வந்தா பதில் மனுவுல இதைச் சொல்லலாம், ஆனா அதை மட்டும் நம்பி வீட்டைப் பணயம் வைக்காதீங்க.

இப்ப அக்ரிமென்ட். வாடகை ஒரு பைசா பாக்கி இல்லாதவங்களும் இதைக் கேக்கணும். புதுச் சட்டத்துல எழுத்துல அக்ரிமென்ட் போட்டு, ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதியணும். டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்ங்கிற தளத்துல பதிவு நடக்குது, பதிஞ்சா ஒரு பதிவு எண் கிடைக்கும். பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவு வேண்டாம்கிறது பத்திரப்பதிவுச் சட்டத்தை வெச்சு வந்த பழக்கம், இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. எழுத்துல போடாமலே விட்டா என்ன? 21ஆம் பிரிவுல முதல் காரணமே, எழுத்துல ஒப்பந்தம் போடலங்கிறதுதான். பாக்கிக்கு வழக்குப் போட்டா நீங்க கட்டித் தப்பிச்சுடுவீங்கன்னு தெரிஞ்ச வக்கீல் இந்தக் காரணத்தைத்தான் பிடிப்பார். இங்க வாடகை ரசீது எவ்வளவு இருந்தாலும் உதவாது. அதனால நல்ல உறவு இருக்கும்போதே அக்ரிமென்ட் கேளுங்க. ஓனர் பிடி கொடுக்கலன்னா, கேட்டதை எழுத்துல ஒரு கடிதமா அனுப்பி வைங்க. கையெழுத்தான அக்ரிமென்ட் இருந்து, பதிய மட்டும் அவர் வரலன்னா, வாடகைதாரர் தனியாவும் விவரம் தாக்கல் பண்ணலாம்.

மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்றது, ஃபியூஸைப் பிடுங்கறது, லிஃப்டை நிறுத்தறது, மாடிப்படி கேட்டைப் பூட்டறது, இதெல்லாம் 20ஆம் பிரிவுல நேரடியாத் தடை. வாடகை பாக்கி இருந்தா செய்யலாம்னு அதுல விலக்கு எதுவும் இல்ல. தண்ணி வராத குழாயை, எரியாத மீட்டரை வீடியோ எடுத்து ரென்ட் அத்தாரிட்டிகிட்ட மனு கொடுங்க. உடனே சப்ளையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கு. குழந்தைகளும் வயசானவங்களும் இருக்கிற வீட்டுல தண்ணியை நிறுத்தறது கொடுமை, அதைப் பொறுத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

நீங்க வேலைக்குப் போன நேரத்துல பூட்டு மாத்திட்டாங்கன்னா? 112க்குக் கூப்பிடுங்க. ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்"னு சொல்லுவாங்க. வாடகை பாக்கி சிவில் மேட்டர்தான். ஆனா குடியிருக்கிற ஆளை வீட்டுக்குள்ள போக விடாமத் தடுக்கறது பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 126ஆம் பிரிவுல வர்ற குற்றம், மிரட்டினா அது 351ஆம் பிரிவு. புகாரை எழுத்துல கொடுத்து, அதை வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வெளிய வராதீங்க. சட்டப்படி இல்லாம வெளியேத்தப்பட்டவங்க, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆம் பிரிவுல வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேக்கலாம். ஆறு மாசத்துக்குள்ள போடணும், அந்தக் கெடு தாண்டினா இந்த வழி மூடிடும். சாமானைப் பிடிச்சு வெச்சுக்கவும் ஓனருக்குத் தானா உரிமை கிடையாது.

ஸ்டேஷன்ல நடக்கிற இன்னொண்ணு. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, "பத்து நாள்ல காலி பண்றேன்னு எழுதிக் கொடு"ம்பாங்க. எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல. "வக்கீலைக் கேட்டுட்டு வர்றேன் சார்"னு மரியாதையாச் சொல்லுங்க. வெத்துப் பேப்பர், வெத்து ஸ்டாம்ப் பேப்பர், தேதி போடாத செக், இதுல எதுலயும் கையெழுத்து வேண்டாம். உண்மையிலேயே காலி பண்ணிக்கிறதுன்னு முடிவு எடுத்திருந்தா, அட்வான்ஸ் எவ்வளவு, என்னைக்குத் திரும்ப வருங்கிறதும் அதே தாள்ல எழுதி, ஓனர் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி நீங்க வெச்சுக்கோங்க. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக மீதி அட்வான்ஸ் திரும்பணும்னு சட்டம் சொல்லுது.

கோர்ட் சம்மன் வந்துட்டா அந்தத் தேதிக்குப் போங்க. போகலன்னா ஒருதலைப்பட்சமா உத்தரவு ஆயிடும், அதைத் திருப்பறது ரெண்டு மடங்கு வேலை. வழக்கு நடக்கிற மாசங்கள்லயும் வாடகையை நிறுத்தாதீங்க, கட்டச் சொல்லி கோர்ட்டே உத்தரவு போட முடியும். தீர்ப்பு எதிரா வந்தா ரென்ட் கோர்ட்டுக்கு மேல இருக்கிற ரென்ட் ட்ரிப்யூனல்ல 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு. போன்ல கேக்கணும்னா 15100. ஆபீஸ் குவார்ட்டர்ஸ், அரசு வீடு, வக்ஃபு சொத்துல குடியிருக்கிறவங்களுக்கு நான் சொன்ன இந்தச் சட்டம் பொருந்தாது, அவங்க அங்கயே போய் எந்தச் சட்டம்னு கேட்டுக்கோங்க.

நோட்டீஸ் கையில இருக்கிறவங்க கமென்ட்ல அது வந்த தேதி, எத்தனை மாசப் பாக்கி, அக்ரிமென்ட் பதிஞ்சிருக்கா, இந்த மூணை மட்டும் போடுங்க. ஓனர் பேரு, முகவரி, போன் நம்பர் போட வேண்டாம்.