கொடுத்தவர் கை எதுவரை நீளலாம்?

அவையோருக்கு வணக்கம். இந்து சமய ஆய்வுக்கு நன்கொடை தருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஓர் உயிலிலிருந்து தொடங்குகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த ஜோசப் போடன் 1811-இல் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர் ஒருவரை அமர்த்துவதற்கெனச் சொத்தை எழுதி வைத்திருந்தார். எதற்காக? பைபிளைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்து இந்தியர்களை மதம் மாற்றுவதற்காக. ஒளிவுமறைவே இல்லை, உயிலிலேயே இருக்கிறது. அந்த நோக்கம் பிறகும் உயிரோடு இருந்தது. 1860-இல் இந்தப் பதவிக்கு நடந்த தேர்தலில் ரிக்வேதப் பதிப்பாசிரியர் மாக்ஸ் முல்லர் தோற்றார். மோனியர் வில்லியம்ஸ் வென்றார். வாக்களிக்க வந்தவர்களில் பாதிரியார்கள் ஏராளம். முல்லரின் சமயக் கருத்துகள் மீது அவர்களுக்கு ஐயம். மதமாற்ற நோக்கத்தை விதிகளிலிருந்து நீக்க 1882 வரை ஆனது. வேடிக்கை என்னவென்றால், வென்றவர் தொகுத்த அகராதியைத்தான் நம் பண்டிதர்களும் இன்று புரட்டுகிறார்கள்.

அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1936-இல் ஸ்பால்டிங் என்ற செல்வர் அமைத்த கீழைச் சமயங்களுக்கான இருக்கையில் முதலில் அமர்ந்தவர் நம் திருத்தணி ராதாகிருஷ்ணன். தம் மரபைத் தாமே விளக்க ஓர் இந்தியர் அங்கே போனார்.

1997-இல் அந்நகரில் தோன்றிய இந்து ஆய்வு மையத்தில் சிவதாசானி பெயரால் வருகைதரு ஆய்வாளர் நல்கை ஒன்று இருக்கிறது. இந்திய அறிஞர்களை ஒரு பருவத்துக்கு வரவழைப்பதற்கான நன்கொடை அது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவம் என்றால் 8 வாரம். குறைவுதான். ஆனால் வாரம் முழுவதும் வகுப்பெடுத்து, மிச்ச நேரத்தில் விடைத்தாள் திருத்தும் கல்லூரி ஆசிரியருக்கு, யாரும் கூப்பிடாத 8 வாரம் எவ்வளவு பெரிது என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களைக் கேளுங்கள்! ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் நேபாளப் பிரதமர் சந்திர சம்ஷேர் 1909-இல் கொடுத்த 6,000-க்கும் மேற்பட்ட சமஸ்கிருதச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் உட்காரும் நேரத்தைத்தான் நன்கொடை வாங்கித் தருகிறது.

முடிவையும் சேர்த்து வாங்க நினைக்கும்போதுதான் வம்பு. கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகம் 2016-இல் இந்து ஆய்வு இருக்கைகளுக்கு வந்த பெருந்தொகையை வேண்டாம் என்றது. கொடுப்பவர்கள் ஆய்விலும் நியமனத்திலும் தலையிடுவார்கள் என்று பேராசிரியர்கள் அஞ்சினார்கள். பல்கலைக்கழகத்தின் மீது கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. போடனின் நிபந்தனை தவறென்றால், நமக்குப் பிடித்த நிபந்தனை மட்டும் எப்படிச் சரியாகும்?

இந்த அவையில் கொடுக்கும் வசதி உள்ளவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தேர்வுக் குழுவில் நீங்கள் உட்காராதீர்கள். மைத்துனரையும் உட்கார வைக்காதீர்கள். அடுத்து, சமஸ்கிருதம் மட்டுமே இந்து ஆய்வு என்று எண்ணிவிடாதீர்கள். தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் உரையோடு கற்றவர், ஆகமச் சுவடியைக் கிரந்த எழுத்தில் வாசிக்கத் தெரிந்தவர், பெரும்பாலும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தயங்குகிறவராக இருப்பார். விண்ணப்பத்தைத் தமிழிலேயே வாங்குங்கள். மொழிபெயர்ப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். திரும்பி வந்தவரிடம் என்ன படித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.