தவணைத் தேதிக்கு என்ன பதில்? – நம்பிக்கை அணியின் பேச்சு

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பருக்கும், அவையோருக்கும் வணக்கம்.

வேலை பறிபோன பிறகு ஒருவரைக் கரைசேர்ப்பது நம்பிக்கையா, கணக்கா என்பது தலைப்பு. நண்பர் கணக்கு என்றார். என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் வீசினார்: "அஞ்சாம் தேதி கடன் தவணை கேட்டு வங்கியிலிருந்து போன் வந்தா, நம்பிக்கையையா எடுத்துக் கட்டுவீங்க?" கைதட்டலும் அள்ளிக்கொண்டார். கைதட்டல் அவரிடமே இருக்கட்டும். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்பவருக்காக வாதாட நான் வரவில்லை. அதற்குப் பெயர் பகல் கனவு. ஜெர்மனியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். படிப்பு முடித்து வேலை தேடியவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, கேப்ரியேல் ஒட்டிங்கன், டோரிஸ் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 2002இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை கிடைத்துவிட்ட மாதிரியே அடிக்கடி கற்பனையில் மிதந்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள். வந்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. "நமக்குக் கிடைக்கும்" என்று எதிர்பார்த்தவர்களின் நிலை அதற்கு நேர்மாறு. நான் பேசுவது அந்த இரண்டாவது கூட்டத்துக்காக.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கு, கணக்கு என்கிறாரே, அந்த நோட்டை யார் திறப்பது? மனசு விட்டுப்போனவர் வங்கிக் குறுஞ்செய்தியைக்கூடத் திறக்கமாட்டார். ஆஸ்திரியாவில் மாரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்டதும், 1930களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணமே இல்லை என்று ஆக்கியிருந்தார்கள். மக்கள் கையில் நாள் முழுக்க நேரம். ஆனாலும் எடுத்துப்போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது! நேரம் இருந்தால் போதும், மனிதன் தானாகவே வேலை பார்ப்பான் என்பது எவ்வளவு தப்பான கணக்கு பாருங்கள்.

அதே ஊரில் வருமானம் குறையக் குறைய மனமும் சோர்ந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். நண்பர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எங்கள் அணி கணக்கைக் கைவிடச் சொல்லவில்லை. அதை நம்பிக்கைக்குத் தீனியாகப் போடச் சொல்கிறோம். கையிருப்பு 60 பங்கு, மாதச் செலவு 10 பங்கு என்றால் 6 மாதம் தாங்கும். செலவை ஏழரைப் பங்காகக் குறைத்தால் 8 மாதம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினால் இரண்டு மாதம் கையில் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் கணக்கு முடித்துத் தரவேண்டிய செட்டில்மெண்ட் தொகையைக் கையிருப்பில் சேர்க்கக் கூடாது. அது கணக்கில் வந்து விழுந்த பிறகுதான் பணம்.

அந்தத் தொகைக்கே முதல் நாளில் ஒரு சிக்கல் வரும். எச்.ஆர். ஒரு தாளை நீட்டி "இங்கே ஒரு கையெழுத்து" என்பார். "இனி நமக்கு எதுவும் இல்லை" என்று உடைந்துபோனவர் உடனே போட்டுவிடுவார். தனக்கு இன்னும் எதிர்காலம் இருக்கிறது என்று நினைப்பவர்தான், "படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும்" என்று கேட்பார். நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது, போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார். அலுவலக மின்னஞ்சல் மூடப்படுமுன் சம்பளச் சீட்டுகளையும் அனுபவச் சான்றையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அடுத்தது, வேலை எங்கிருந்து வருகிறது? மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 100க்கு ஏறக்குறைய 17 பேர்தான். மற்றவர்களுக்கு வழிகாட்டியவர்கள் எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கிற ஆட்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், தூரத்து ஆளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

ஆனால் மூன்று வருடமாகப் பேசாத ஒருவருக்குச் செய்தி அனுப்புவது லேசுப்பட்ட காரியமா? விரல் நடுங்கும். "எங்காவது ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதுவார்கள். அதைப் படிப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம். நாம் சேர்ந்து பார்த்த கிடங்குத் திட்டம் ஞாபகம் இருக்கும். எங்கள் பிரிவை மூடியதில் போன மாதம் என் வேலை போய்விட்டது. கொள்முதல் பிரிவில் வேலை தேடுகிறேன். அந்தத் துறையில் யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயர் சொல்ல முடியுமா?" வேலை கேட்கவில்லை, ஒரு பெயர்தான் கேட்கிறோம். பெயர் கொடுப்பது யாருக்கும் எளிது. வாரத்துக்கு இப்படி ஐந்து பேர். ஒரே ரெஸ்யூமை ஒரு நாளைக்கு 30 இடத்துக்கு வீசிவிட்டு, பதிலில்லை என்று மூன்றாம் வாரம் படுத்துவிடுகிறார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல்.

பதில் வராவிட்டால்? "எனக்கு ராசியில்லை" என்று முடித்துவிடலாம், சுலபம். நம்பிக்கை உள்ளவர், எங்கே அடைக்கிறது என்று பார்ப்பார். விண்ணப்பம் போகிறது, அழைப்பே வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமில், இல்லையென்றால் விண்ணப்பிக்கும் இடத்தில். முதல் போனோடு நின்றுபோகிறது என்றால் "ஏன் வெளியே வந்தீர்கள்?" என்ற கேள்விக்கான பதிலில் சந்தேகம் வைக்கலாம். அதற்கு இரண்டு வாக்கியம் போதும்: "நிறுவனம் எங்கள் பிரிவைக் குறைத்தது, அதில் என் பணியிடமும் போனது. அங்கே நான் செய்தது இது, இங்கே தேவைப்படுவதும் இதுதான் என்று நினைக்கிறேன்." பழைய மேலாளரைத் திட்ட ஆரம்பித்தால் பத்து நிமிடம் ஓடும், வேலையும் ஓடும்! கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பத் திரும்ப நழுவினால், ரெஸ்யூமைக் கலைக்காதீர்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலை இழந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுத்தார்கள். சில அமர்வுகள். ரெஸ்யூமும் நேர்காணலும் சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை. எந்தெந்த இடத்தில் நிராகரிப்பார்கள், அப்போது அடுத்து என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்லவைத்தார்கள். பின்னடைவுக்குத் தடுப்பூசி மாதிரி. 1989இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட நல்ல வேலை அமைந்தது. நண்பரே, தோல்வியைப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தும் அங்கே வளர்ந்தது நம்பிக்கைதான்.

மணி அடிக்கப் போகிறார்கள். அஞ்சாம் தேதிக் கேள்விக்கு வருகிறேன். தவணை தவறிய பிறகு வங்கி நம்மைக் கூப்பிட்டால், நாம் பாக்கிதாரர். தவறுவதற்கு முன்பே, மூன்றாம் தேதியே நாம் வங்கியைக் கூப்பிட்டால், நாம் பேச வந்த வாடிக்கையாளர். "வேலை போய்விட்டது. இத்தனை மாதம் தவணையைக் குறைக்க வழி உண்டா, காலத்தை நீட்டினால் வட்டி எவ்வளவு கூடும், எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கலாம். வங்கி சம்மதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் மூன்றாம் தேதி அந்தப் போனைக் கையில் எடுக்க, இந்தக் கடனைக் கட்டி முடிக்கப்போகிறவன் நான்தான் என்ற நினைப்பு முதலில் வேண்டுமே! அந்த நினைப்புக்கு எங்கள் அணியில் வைத்திருக்கும் பெயரைத் தீர்ப்பில் நடுவர் சொல்லட்டும். வணக்கம்.