மாமாவா, முதலாளியா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைத் தீர்த்துவைத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போவது பற்றி வயது, நேரம், தண்டனை என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். குழந்தைத் தொழிலாளர் தடுப்புக்கான 1986 சட்டம், 2016-இல் திருத்தியது. 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை வைக்கலாம். சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலை கூடாது. மூன்று மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு. இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது.

அதே திருத்தத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் சின்னப் பிள்ளையும் உதவலாமாம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களோடு நிற்கவில்லை. சித்தப்பா, அத்தை, சித்தி, தாய்மாமன் வரை போகிறது! வேலிக்கு ஓணான் சாட்சி. நான்தான் மாமா என்று மாமாவே சொன்னால் முடிந்தது கதை.

போன மாதம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு டீக்கடை. இரவு மணி எட்டரை. ஸ்கூல் டவுசரோடு ஒரு பையன் கிளாஸ் கழுவுகிறான். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கிறது.

"தம்பி யாருங்க?"

"அக்கா பையன் சார். சும்மா ஒத்தாசைக்கு."

பையனிடம் கேட்டேன்: "ஏம்பா, மாமா பேரு என்ன?"

முழித்தான். "எந்த மாமா?"

கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் போய்விட்டார். நான் விடுவேனா? "உங்க அக்கா பேரையாவது சொல்லுங்களேன்." கொஞ்சம் யோசித்து, "பாப்பா" என்றார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் குறுக்கே வந்தார்: "அக்கா பையன்தான் சார், எனக்குத் தெரியும்." விசாரித்தால், அவருக்கு அந்தக் கடையில் மாதக் கணக்கு! வேலிக்கு இரண்டாவது ஓணான்.

நிஜ மாமாவாகவே இருக்கட்டும். குடும்ப வேலைக்கும் நாளுக்கு மூன்று மணி நேரம்தான், இரவு 7-க்கு மேல் கூடாது என்று 2017 விதி சொல்கிறது. அதைச் சொன்னதும் எனக்கு டீ வரவில்லை. பஸ்தான் வந்தது.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றுதான். குடும்பம் என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கத்திலிருந்து மாமா, சித்தப்பா வகையறாவை எடுக்க வேண்டும். எடுக்கும்வரை, உறவு என்று சொல்கிறவர் காகிதத்தில் காட்டட்டும். ஓணான் சாட்சி செல்லாது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். தண்டனை பற்றி வழக்கறிஞர் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தாள் வாசலில், டீ கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ கொடுக்கிறவருக்கு வயது இருபத்தைந்து. கேட்டுவிட்டேன்.